டிரெயிலர் விளக்குகளின் குறையும், வண்டிகளைத் திரும்ப அழைக்கும் சட்டமும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் பூமியில், புரட்டாசி ஐப்பசியில் விதைத்த மானாவாரிப் பயிர்கள் தை மாதம் முதல் ஒன்றன்பின் ஒன்றாக அறுவடைக்கு வருகின்றன. பகலெல்லாம் அறுத்துக் கட்டிப் பொழுது சாய்ந்த பின்னரே பாரம் ஏற்றுவது இங்கு வழக்கம். ஆதலால் டிராக்டர்கள் டிரெயிலருடன் வண்டிப்பாதையை விட்டு மதுரை – திருநெல்வேலி நாலுவழிச் சாலையில் ஏறும் வேளை பெரும்பாலும் இருட்டு வேளையாகவே இருக்கின்றது.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிரெயிலரின் பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருமாயின், இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் விநாடிக்கு ஏறக்குறைய 22 மீட்டர் வீதம் குறைந்துகொண்டே வரும். பின்விளக்கின் சிவப்பொளி 155 மீட்டர் தூரத்திலேயே தெரிந்தால் கார் ஓட்டுபவருக்கு 7 விநாடி அவகாசம் உண்டு. விளக்கு எரியாமல், காரின் தாழ்ந்த வெளிச்சத்தில் 50 மீட்டருக்குள் வந்த பிறகே டிரெயிலர் புலப்படுமாயின், கிடைப்பது 2 விநாடிக்குச் சற்று மேல். கண்டு, திகைத்து, பிரேக்கின்மேல் காலை வைப்பதற்கே அது போதாது. 155 மீட்டர் என்பது நாம் கற்பித்த அளவன்று. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் பின்விளக்கிற்கென விதிக்கப்பட்ட அளவேயாகும். சூரியன் அஸ்தமித்த அரைமணி முதல் உதயத்திற்கு அரைமணி முன்வரை விளக்கு எரிந்தாக வேண்டும் என்பதும் அவ்விதியே.

விளக்கில் குறையிருந்தால் பொறுப்பாளி யார்? உற்பத்தியிலேயே குறை இருந்தால், வண்டியைச் செய்தவரே அதைத் திரும்ப அழைத்துத் தம் செலவில் சீர்செய்து தரவேண்டும் என்னும் முறை அமெரிக்காவில் 1966-ஆம் வருஷத்துச் சட்டத்திற்கு 1974-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் ஏற்பட்டது. நம் நாட்டில் 2012-இல் மோட்டார் உற்பத்தியாளர் சங்கமாகிய சியாம், தானே முன்வந்து இவ்வகை ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொண்டது. பின்னர் 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தின் மூலம் 110-ஏ என்னும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு வகை வண்டியிலுள்ள குறை, ஓட்டுபவருக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ, சுற்றுப்புறத்திற்கோ கேடு விளைவிக்கக் கூடியதாயின், அவ்வகை வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசு உத்தரவிடலாம். குறை ஓர் உறுப்பில் மட்டும் இருந்தால், அவ்வுறுப்பு பொருத்தப்பட்ட வண்டிகள் அனைத்தையும் அழைக்கச் சொல்லலாம். இதற்குரிய விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. ஏழு வருஷத்திற்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும்.

டிரெயிலருக்கு இச்சட்டம் எப்படிப் பொருந்தும் என்று சிலர் ஐயுறலாம். 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்னும் சொல்லுக்குக் கொடுக்கப்பட்ட பொருளிலேயே டிரெயிலரும் அடங்கியுள்ளது. அதனைத் தனியே பதிவு செய்து, அதன் எண்ணைப் பக்கவாட்டிலும், இழுத்துச் செல்லும் டிராக்டரின் எண்ணைப் பின்புறத்திலும் எழுதுதல் வேண்டும்.

சட்டம் இவ்வாறிருக்க, நம் பகுதியின் நிலைமை வேறு. கரிசல் கிராமங்களில் ஓடும் டிரெயிலர்களில் பல, பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறையில் அளவு சொல்லிச் செய்யப்பட்டவை. அவற்றைச் செய்தவரிடம் வாங்கியவர்களின் ஜாபிதா இல்லை. வண்டிக்குத் தொடர் எண்ணும் இல்லை. பத்து டிரெயிலர்களில் ஒரே குறை இருந்தாலும், அப்பத்தும் எங்கே உள்ளன என்று அறிந்து அழைப்பதற்கு ஆளில்லை. பெயர்பெற்ற தொழிற்சாலையின் டிராக்டரை வைத்திருப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அழைப்புக் கடிதம் பதிவுப் புத்தகத்திலுள்ள பெயருக்கும் விலாசத்திற்குமே போகும். பழைய டிராக்டரை வாங்கிப் பெயர் மாற்றாமல் உழுதுகொண்டிருப்பவருக்கு அது வந்து சேராது. ஆகையால் பெயர் மாற்றத்தை ஒத்திப்போடுதல் கூடாது. புதிதாக டிரெயிலர் செய்விப்போர், பணம் கொடுக்குமுன் அடிச்சட்டத்தில் எண் பொறிக்கச் செய்து, அதே எண் கண்ட ரசீதையும் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த எண்ணும் ரசீதும் இல்லாமல் பதிவும் இல்லை, இன்ஷ்யூரன்ஸும் இல்லை.

திரும்ப அழைப்பார் எவரும் இல்லாத வண்டியைச் சொந்தக்காரரே சோதிக்க வேண்டியதாகிறது. இதில் முதன்மையாகக் கவனிக்கத்தக்கது எர்த்து வயர். பட்டறைக்காரர் பெரும்பாலும் விளக்கிற்கு ஒரே வயரை மட்டும் இழுத்துவிட்டு, மின்சாரம் திரும்பும் வழியை இரும்புச் சட்டத்திற்கு விட்டுவிடுவர். அம்மின்சாரம் டிரெயிலரிலிருந்து டிராக்டருக்குச் செல்ல, இரண்டையும் பிணைக்கும் கொக்கியும் ஊசியும் தவிர வேறு வழியில்லை. அங்கே துரு, துருவின்மேல் கிரீஸ், கிரீஸின்மேல் கரிசல் புழுதி. வெடிப்பு விழுந்த பாதையில் வண்டி குலுங்கும்போதெல்லாம் இணைப்பு விட்டுவிட்டுச் சேரும். நின்ற வண்டியில் நன்றாக எரிந்த விளக்கு சாலையில் அணைந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பிரேக்கை மிதித்தால் திருப்ப விளக்கு மங்கலாக எரிவதும், திருப்ப விளக்கைப் போட்டால் பின்விளக்கு சேர்ந்து துடிப்பதும் இக்குறையின் அடையாளங்களே. நேர்வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்பின் வழியாகத் திரும்புகிறது.

சோதிக்கும் வகை எளிது. பாட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நீண்ட வயர் ஒன்றைக் கொண்டுவந்து விளக்கின் இரும்புக் கூட்டில் தொட்டுப் பார்த்தால், விளக்கு உடனே பளிச்சென்று எரியுமாயின் குறை எர்த்திலேயே உள்ளது. ஒவ்வொரு விளக்கிற்கும் தனி எர்த்து வயர் இழுத்துப் பிளக்கில் சேர்த்துவிட வேண்டும். ஏழு முள் பிளக்கில் சர்வதேச வழக்கப்படி மூன்றாம் எண் முள் இதற்குரியது. போல்ட் இறுக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, இறுக்கியபின் வாஸ்லின் பூசுதல் நலம்.

வயரின் கனத்தைக் குறைத்து மிச்சம் பிடிப்பதும் தவறு. பிரேக் பல்பு ஒன்று 21 வாட். இரண்டிற்கும் சேர்த்து 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் ஓடும். மெல்லிய வயரில் வழியிலேயே 2 வோல்ட் குறைந்துபோனால், வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். லாரிக்குரிய 24 வோல்ட் பல்பை 12 வோல்ட் டிராக்டரில் மாட்டுவோரும் உளர். பல்பு பொருந்தும், எரியவும் செய்யும். ஆனால் ஒளி பத்தில் ஒரு பங்குதான். எரிகிறதா என்று மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இது தெரியாது. 155 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் தெரியும்.

நம் மண்ணுக்கே உரிய தொல்லையும் ஒன்று உண்டு. மழைக்குப்பின் கரிசல் சேறு சக்கரத்தில் ஒட்டி, தார்ச்சாலை ஏறியதும் தெறித்து விளக்கையும் பிரதிபலிப்பானையும் மூடிவிடும். சாலை ஏறுமுன் ஒரு சாக்குத் துண்டால் துடைக்க ஒரு நிமிஷம் போதும். பருத்திமார், மக்காச்சோளத் தட்டை, சீமைக்கருவேல விறகு ஆகியவற்றை ஏற்றும்போது பாரம் பின்னால் தொங்கி விளக்கை மறைப்பதும் அடிக்கடி நிகழ்வது. மறைந்த விளக்கு இல்லாத விளக்கே. பாரத்தின்மேல் கூலியாட்களை ஏற்றி வருதல் சட்டத்திற்கு மாறானது என்பதுடன், மோதல் நேர்ந்தால் முதலில் வீசியெறியப்படுபவர் அவர்களே.

மின்சாரம் வேண்டாத பாதுகாப்பு ஒளிதிருப்பும் ஒட்டு நாடா. முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என ஒட்ட வேண்டும். பண்டைய மாட்டுவண்டிக்காரர் அச்சுக்கடியில் அரிக்கன் விளக்கைத் தொங்கவிட்டுச் சென்றதும் இந்நோக்கம் பற்றியே. ஆயினும் அக்காலத்தில் பின்னால் வந்தது பெரும்பாலும் மற்றொரு மாட்டுவண்டி. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1960-களின் தொடக்கத்தில், மெதுவாகச் செல்லும் பண்ணை வண்டிகளுக்கென்றே செஞ்சிவப்பு ஓரமுள்ள ஆரஞ்சு முக்கோணத் தகடு ஒன்றை வகுத்தனர். பகலில் நடுப்பகுதியும், இரவில் ஓரமும் தூரத்திலேயே கண்ணில் படும்.

சக்கரம் பஞ்சராகி இரவில் டிரெயிலரைச் சாலையோரம் விட நேர்ந்தால், டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போவதோடு விளக்கும் போய்விடும். ஒட்டு நாடா இல்லாத டிரெயிலர் அந்நேரத்தில் ஒரு கருஞ்சுவரே. அதனைத் தார்ச்சாலையை விட்டு முற்றிலும் மண்ணில் இறக்கி, பின்னால் 50 மீட்டர் தள்ளி எச்சரிக்கை முக்கோணம் வைத்து, ஓர் ஆளையும் டார்ச்சுடன் ஓரமாக நிறுத்த வேண்டும். முட்டுக்கு வைத்த கற்களை வண்டி புறப்படும்போது சாலையில் விட்டுச் செல்லாமல் அகற்றிவிட வேண்டும்.