ஊசி குத்தும்போது பிள்ளை உங்களிடமே இருக்கட்டும்

தஞ்சோங் பகாரில் வீடு. பிள்ளை பிறந்து நான்கு நாள். மஞ்சள் காமாலை எவ்வளவு என்று பார்க்க, ஒரே ரயில் நிலையம் தள்ளி ஊட்ரம் பார்க்கில் இறங்கிச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைக்குப் போகிறீர்கள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். பார்க்க மனசு கேட்காது, வெளியே நிற்கிறேன் என்கிறீர்களா? வேண்டாம், உள்ளேயே இருங்கள். வலியைக் குறைப்பதில் உங்களுக்குப் பெரிய வேலை இருக்கிறது.

இத்தனை சின்னக் குழந்தைக்கு வலி தெரியுமா? தெரியும். 1980களில்கூடச் சில இடங்களில் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கி தராமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். கே. ஜே. எஸ். ஆனந்த் என்ற மருத்துவர் ஆக்ஸ்போர்டில் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வு, வலிநீக்கி பெற்ற குழந்தைகள் நன்றாகத் தேறியதைக் காட்டியது.

வலிக்கிறதா என்று அறிய முகத்தைப் பாருங்கள். புருவம் புடைக்கும், கண் இறுக மூடும், மூக்கோரத்திலிருந்து உதடுவரை மடிப்பு விழும். குறைமாதக் குழந்தை அழாமலே கிடக்கலாம். அழத் தெம்பில்லை, அவ்வளவுதான்; வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் என்ன செய்வது? பால் கொடுங்கள். "பால் கொடுத்துக்கிட்டே எடுக்கலாமா?" என்று தாதியிடம் முன்பே கேளுங்கள். குத்துவதற்குச் சில நிமிடம் முன்பே பிள்ளை நன்றாகப் பற்றிக் குடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். குத்தும்போதும் நிறுத்த வேண்டாம், முடிந்த பிறகும் உடனே எடுத்துவிட வேண்டாம். புரையேறிவிடாதா? ஆய்வுகளில் அப்படிச் சிக்கல் எதுவும் தென்படவில்லை.

பால் கொடுக்க முடியவில்லையா? பிள்ளையின் சட்டையைக் கழற்றி, உங்கள் வெறும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் செய்யலாம். குழந்தை இன்குபேட்டரில் (வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டி) இருந்தால், தாதியைக் கேட்டு, ஒரு கையைத் தலையில் வைத்து, மறு கையால் கால்களை வயிற்றோடு மடக்கிப் பிடித்திருங்கள்.

சர்க்கரைத் தண்ணீர்? மருத்துவமனைகளில் குத்துவதற்கு 2 நிமிடம் முன் சுக்ரோஸ் (அளந்து தயாரித்த சர்க்கரைக் கரைசல்) சில சொட்டு நாக்கில் விடுவதுண்டு, பலன் தரும். ஆனால் அது அவர்கள் கையால் மட்டும். பாட்டி ஆசையாகத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டுச் சேனை வைக்க வந்தால் பக்குவமாகத் தடுத்துவிடுங்கள். தேன் 1 வயது வரை தொடவே கூடாது. அதில் பொட்டுலிசம் (தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோய்) உண்டாக்கும் கிருமி இருக்கலாம்.

மரத்துப்போக வைக்கும் கிரீம்? குதிகாலுக்கு உதவுவதில்லை. குதிகாலைப் பிழிவதும் தனியாக வலிக்கும். அதனால் நிறைமாதக் குழந்தைக்கு, புறங்கை ரத்தக்குழாயில் எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தேர்ந்த கை எடுத்தால் அதில் வலி குறைவு.

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கும் பால் கொடுப்பது, அணைத்துக்கொள்வது என்ற இதே வழிதான். முன்பக்கம் திறக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள்.