தலைக்கு மேலே – 9: அடி எது, நுனி எது?

பஞ்சு வாங்கப் போகிற மில்காரர் பேலில் ஒட்டிய சீட்டை மட்டும் படித்துவிட்டுப் பணம் எடுத்து வைப்பதில்லை. ஒரு சிட்டிகை பஞ்சை உருவி, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் இழுத்து இழுத்து ஒழுங்குபடுத்தி, இழை எவ்வளவு நீளம், எவ்வளவு சீர் என்று பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை நூற்பாலை தொடங்கிய நாளிலிருந்து கோயம்புத்தூருக்குப் பழகிய கை அது. எம்.சி.யு.-5, சுவின் என்று நீண்ட இழைப் பருத்தி ரகங்களையே உருவாக்கித் தந்த ஊர். அதே ஊரில் கிராஸ்கட் ரோட்டிலோ பெரியகடை வீதியிலோ ஹேர் எக்ஸ்டென்ஷன் வாங்க நுழைகிறவர் கேட்பது மூன்றே கேள்விகள்: எத்தனை இஞ்ச், என்ன கலர், என்ன ரேட். மிஞ்சினால் நாலாவதாக, “ஏனுங்க, இது ஒரிஜினல் முடிதானுங்களா?” கடைக்காரர் “திருப்பதி முடிங்க” என்பார். அத்தோடு சோதனை முடிந்துவிடும். முடியும் ஓர் இழைதான். பஞ்சுக்குக் காட்டும் கவனத்தில் பாதியை இதற்குக் காட்டினாலே, புதிதாக வாங்குகிறவர் ஏமாறும் இடங்களில் பெரும்பாலானவை அடைபட்டுவிடும். நீளமும் நிறமும் அப்புறம். முதலில் கேட்க வேண்டியது, இந்த முடி யாரோ ஒருவர் தலையிலிருந்து எப்படி இறங்கியது என்பது.

காரணம் முடியின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முடியின் மேற்புறமும் ஓட்டுக்கூரை மாதிரி. நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, அடியிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். க்யூட்டிகிள் என்று அழகுநிலையத்தில் சொல்வது இதைத்தான். கூரையில் மேலிருந்து கீழே தண்ணீர் தடையில்லாமல் வழியும். கீழிருந்து மேலே கையை ஓட்டினால் ஓட்டின் விளிம்பு தட்டும். வளரும் தலையில் எல்லா முடிக்கும் அடி ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்பதால் செதில்கள் ஒரே திசையில் படுத்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போகின்றன. அந்தக் கற்றையில் பாதியைத் தலைகீழாகத் திருப்பிக் கலந்துவிடுங்கள். செதிலோடு செதில் கொக்கி போடும், நனைத்துக் கசக்கினால் இன்னும் இறுகும். வெந்நீரில் அலசிய கம்பளிச் சட்டை சுருங்கிக் கெட்டிப்பட்டுப் போவதும் இதே காரணத்தால்தான். எக்ஸ்டென்ஷன் சடைபிடித்துவிட்டது என்று சொல்கிறவர்களில் பலர் தங்கள் ஷாம்பூவைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் தவறு ஷாம்பூவுடையது அல்ல. முடி வாங்கும்போதே திசை கலைந்துதான் இருந்தது.

திசை கலையாத முடி மழித்த முடி. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக் கொங்கு நாட்டு ஊர்களிலிருந்து நடந்து போகிறவர்கள் பழனியில் இறக்குகிற முடி இந்த வகை. நீண்ட கூந்தலை முடிச்சிட்டுக் கட்டிவிட்டு வேரோரமாக மழிப்பதால் அடி அடியோடும் நுனி நுனியோடும் ஒரே கற்றையாக வந்துவிடும். கோயில்கள் அதை ஏலம் விடுகின்றன; திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2011 முதல் இணையவழியில் ஏலம் நடத்துகிறது. இதன் செதிலையும் திசையையும் கெடுக்காமல் தயாரித்தால், வியாபாரத்தில் அதற்கு ரெமி என்று பெயர். இன்னொரு வகை சிக்குமுடி. ஒருவர் தலையிலிருந்து நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி தானாகவே உதிரும். சீப்பிலிருந்து உருவிச் சுருட்டிப் பையில் சேர்த்து வைத்தால், தெருவில் கூவி வருகிறவர் வாங்கிக்கொண்டு பாத்திரமோ ஊக்கோ பலூனோ தந்துவிட்டுப் போவார். அந்த உருண்டைகளைக் கர்நாடகத்தின் கொப்பள் பக்கத்திலும் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் பக்கத்திலும் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்து சிக்கெடுக்கிறார்கள். நீளவாரியாகப் பிரித்துவிடலாம். அடி நுனி பிரிப்பதுதான் பாடு. திருவண்ணாமலைக் கதைதான், அடியும் தெரியாது முடியும் தெரியாது. ஆகவே பல இடங்களில் குறுக்குவழியாக அமிலத்தில் ஊறவைத்துச் செதிலையே உரித்துவிடுகிறார்கள். கொக்கி இல்லாவிட்டால் சிக்கும் இல்லை. உரித்த முடி மங்கிப்போகும் என்பதால் மேலே சிலிக்கோன் பூச்சு.

இங்கேதான் புதியவர் சறுக்குகிறார். கடை விளக்கில் அதிகமாக மின்னுவது பெரும்பாலும் இந்தப் பூச்சு முடிதான். நல்ல ரெமி முடி அதன் பக்கத்தில் சற்று மங்கலாகக்கூடத் தெரியலாம். பூச்சு அலச அலசக் கரையும். கரைந்ததும் கையில் மிஞ்சுவது தேங்காய் நார். அதனால் பளபளப்பைப் பார்க்காதீர்கள், விரலை நம்புங்கள். ஒரே ஒரு முடியை எடுத்து, முடிகளைக் கோத்திருக்கும் தையல் பக்கத்திலிருந்து நுனிவரை இரு விரலால் உருவுங்கள். பிறகு நுனியிலிருந்து மேலே உருவுங்கள். போகும்போது வழுக்கி, திரும்பும்போது லேசாகத் தட்டினால் செதில் உயிரோடு இருக்கிறது. நாலைந்து முடியில் பார்த்து எல்லாவற்றிலும் ஒரே பக்கம் தட்டினால் திசையும் சரி. இரண்டு பக்கமும் கண்ணாடிபோல வழுக்கினால் அது உரித்த முடி, அல்லது முடியே அல்ல. முடியா செயற்கை இழையா என்ற சந்தேகத்தைத் தீர்க்கத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நூலைக் கொளுத்திப் பார்க்கிற அதே சோதனைதான். மனித முடி நகம் கருகும் வாடையோடு எரிந்து, விரலில் பொடியாகும். செயற்கை இழை உருகிச் சுருண்டு கெட்டிமணியாகும். அட்டையில் எழுதியிருக்கும் ‘சிங்கிள் ட்ரான்’, ‘டபுள் ட்ரான்’ என்பதும் நூல்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். கார்டட் நூலிலிருந்து குட்டை இழைகளைச் சீவி நீக்கினால் கோம்டு நூல். அதுபோலக் குட்டை முடிகளை உருவி எறிந்து, மேலிருந்து நுனிவரை ஒரே கனமாக்கியது டபுள் ட்ரான். விலை ஏறுவது அந்தக் கழிவினால். என்னைக் கேட்டால் முதல்முறை வாங்குகிறவருக்கு சிங்கிள் ட்ரானே நல்லது. இயற்கையான கூந்தல் நுனியில் மெலிந்துதான் இருக்கும். கீழ்வரை ஒரே கனமாகத் தொங்குவதுதான் பார்த்தவுடன் ‘வைத்தது’ என்று காட்டிக்கொடுக்கும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு விலையைப் பற்றியது. செயற்கை முடியே போதுமே, ஏன் இத்தனை ஆராய்ச்சி? ஒரு நாள் கல்யாணத்துக்கோ அரங்கேற்றத்துக்கோ பின்னலில் சேர்த்துக் கட்டுவதென்றால் போதும்தான். பூச்சடையும் குஞ்சலமும் மறைக்கப்போகிற முடிக்கு ரெமி விலை கொடுப்பது வீண். ஆனால் முடியை விரித்து விடுகிற உபயோகத்துக்குச் செயற்கை முடி சரிவராது. பிடரியிலும் துப்பட்டாவிலும் உரசியே சிக்காகும், வீடியோ விளக்கில் தனியாக மின்னும், சாதாரண வகையில் அயர்ன் பட்டால் உருகும். மனித முடியின் விலையையும் ஒரு கணக்கோடு பார்க்க வேண்டும். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் வளரும். 24 இஞ்ச் கற்றை என்றால் யாரோ ஒருத்தி நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெட்டாமல் வளர்த்தது. அது மிக மலிவாகக் கிடைத்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன்னால் இன்னொரு முறை விரலால் உருவிப் பாருங்கள். கைக்காசு குறைவென்றால் தரத்தைக் குறைக்காமல் நீளத்தைக் குறைப்பதே புத்தி. 16 இஞ்ச் நல்ல முடி, 24 இஞ்ச் உரித்த முடியைவிடப் பல மாதம் கூடுதலாக உழைக்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. கிளிப் வைத்தால் தெரியும், கழன்றுவிடும். டேப்பாக ஒட்டினாலோ கெரட்டின் பசையால் இணைத்தாலோதான் சொந்த முடிபோல இருக்கும் என்கிறார்கள். இயல்புத் தோற்றத்தைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் ஒட்டுமுடி புதிதாக வந்த சரக்கல்ல, நம் பாட்டிமார் கட்டிய சவுரியின் பேத்திதான். சமரி, கவரி, சவரி என்று வழங்கும் இமயமலை எருதின் வால்முடிதான் அரசருக்குச் சாமரமானது. அந்த விலங்கின் பெயரே ஒட்டுமுடிக்கும் வந்து, பேச்சில் சவுரியாயிற்று. (பேச்சுவழக்கு மானாக்கிவிட்ட அதே கவரி!) மூன்று புரிச் சவுரியைப் பின்னலின் மூன்று காலோடும் சேர்த்துப் பின்னும்போது பாரம் பின்னல் முழுக்கப் பரவுகிறது; இரவில் அவிழ்த்து ஆணியில் மாட்டியதும் தலைக்கு ஓய்வு. இந்த இரண்டு குணமும், அதாவது பாரம் பரவுவதும் இரவில் இறங்குவதும், எந்த நவீன முறைக்கும் வைக்க வேண்டிய அளவுகோல். ஒட்டிய முடி இரவிலும் இறங்காது. ஒரே சிறு கற்றையின் வேரை வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் முடி கொட்டும்; இழுவையால் வரும் இந்த வழுக்கைக்குத் தோல் மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு, நீடித்தால் திரும்ப முளைக்காமலும் போகலாம். சொந்த முடி வளர வளர ஒட்டிய இடம் கீழே இறங்குவதால், டேப்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கொருமுறை கழற்றி மேலேற்றியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இந்த ஊரின் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. வெள்ளிக்கிழமை உச்சியில் நல்லெண்ணெய் வைத்து, அரப்புத்தூளோ சீயக்காயோ தேய்த்துக் குளிக்கிற தலையில் டேப் நிற்காது. எண்ணெய் பசையை இளக்கும், தூள் தையலுக்குள் போய்த் தங்கும். எண்ணெய்க் குளியலை விடத் தயாரென்றால் ஒட்டிக்கொள்ளுங்கள். தயாரில்லாதவருக்கு கிளிப்பும் சவுரியும்தான்.

கிளிப் கழலும் என்ற பயம் மாட்டுகிற முறையைப் பொறுத்தது. சொந்த முடி குறைந்தது தோள்வரையாவது இருந்தால்தான் தையல் மறையும். பிடரியில் கிடையாக வகிடெடுத்து, மேல்முடியைத் தூக்கிக் கட்டிவிட்டு, வகிட்டின் வேரில் சீப்பால் இரண்டு முறை எதிர்ப்பக்கம் சீவுங்கள். அப்படிக் கலைந்த இடத்தில்தான் கிளிப்பின் பல் பிடிக்கும். எண்ணெய் பளபளக்கும் தலையில் வழுக்கத்தான் செய்யும். கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக மாட்டி, நெற்றியோரத்திலும் காதோரத்திலும் ஓர் இஞ்ச் விட்டுவிட வேண்டும். அந்த ஓரத்து முடிதான் மெல்லியது, இழுவை தாங்காதது. மொத்த எடை நூறு கிராம் சுமாராக இருந்தால் புதியவருக்குப் போதும். மாட்டிய பிறகு எந்த இடத்திலாவது ‘சுருக்’கென்றால் பழகிவிடும் என்று விடாதீர்கள், கழற்றி இடம் மாற்றுங்கள். ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர்கள் ஹெல்மெட்டை மனத்தில் வைத்து, உச்சியருகே கிளிப்பே வராதபடி பிடரிப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அழுத்தினால் கிளிப் மண்டையில் குத்தும். நிறத்தைக் கடைக்கு வெளியே வெயிலில் வந்து பாருங்கள். ஒப்பிட வேண்டியது உங்கள் முடியின் நுனியோடு, உச்சியோடு அல்ல, கலப்பது அங்கேதான். கருப்பு என்றால் ஒரே கருப்பு என்று நினைக்கிறோம். நம்மில் பெரும்பாலோர் முடி வெயிலில் கரும்பழுப்பு. ‘ஜெட் பிளாக்’ அதன்மேல் மை பூசியதுபோல நிற்கும்.

பழனியில் முருகனுக்குக் கொடுத்த முடியைக் காசு கொடுத்துத் தலையில் வைப்பது தகுமா என்று தயங்குகிறவர்களும் உண்டு. இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 2004-இல் ஜெருசலேமின் மூத்த ராபி எலியாஷிவ், இந்தியக் கோயில் முடியில் செய்த விக் சிலை வழிபாட்டோடு சேர்ந்தது, யூதப் பெண்கள் அணியக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விக்குகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். நம் மரபில் நேர்த்திக்கடன் முடியைக் கழிப்பதோடு முடிகிறது, கழித்த முடியில் புனிதம் தங்குவதாக யாரும் அதைப் பூசையறையில் வைப்பதில்லை. மூன்று கற்றை மட்டும் கொடுக்கும் பூமுடிக்கும் அதே நியாயம்தான். பழனியைப் பொதினி என்றழைத்த காலத்தில் அந்த மலைநாட்டை ஆண்ட பேகனிடம், பரிசில் வேண்டாம், பிரிந்திருக்கும் உன் மனைவி கண்ணகியின் வாடிய கூந்தல் மறுபடி மலர் சூடும்படி வீட்டுக்குப் போ என்று கேட்ட புலவர்களைப் புறநானூற்றில் பார்க்கிறோம். கூந்தலுக்கு அந்த மலையடியில் இரண்டாயிரம் ஆண்டு வழக்கு நடக்கிறது! எனக்குப் படும் நியாயக் கேள்வி வேறு. கொடுத்தவளுக்குக் காசில்லை, அவள் கேட்கவும் இல்லை. 2021-இல் தமிழக அரசு தன் நிர்வாகத்திலுள்ள கோயில்களில் மொட்டைக்கான கட்டணத்தையும் எடுத்துவிட்டது. ஆனால் சிக்குமுடியை உட்கார்ந்து பிரிக்கிறவளுக்குக் கூலிதான் வாழ்க்கை. பிரிக்காத முடியைக் குறைந்த விலை காட்டி வெளிநாட்டுக்குக் கடத்துவதால் அந்த வேலை போகிறது என்று முடி வியாபாரிகளே முறையிடவே, 2022 ஜனவரியில் ஒன்றிய அரசு மூலமுடி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குகிறவர் இதில் செய்யக்கூடியது சிறிது: பாத்திரத்துக்கு வாங்கிய முடிக்குக் கோயில் முடியின் விலையைக் கொடுத்து, நடுவில் நிற்பவரைக் கொழுக்க வைக்காமலிருப்பது.

வீட்டுக்குக் கொண்டுவந்த முடிக்கு வேரில்லை, அதனால் தலை சுரக்கும் எண்ணெய்ப்பசையும் அதற்கு இல்லை. சொந்த முடியைப்போல அடிக்கடி குளிப்பாட்டினால் காய்ந்துபோகும். பத்துப் பதினைந்து தடவை அணிந்த பிறகு ஓர் அலசல், மென்மையான ஷாம்பூ, பிறகு கண்டிஷனர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலையில்லை; போர்த்தண்ணீர் என்றால் கடைசி அலசலுக்காவது ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், உப்பு படிந்து முடி விறைக்காது. கசக்காமல், முறுக்கிப் பிழியாமல், துண்டில் ஒற்றி, நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிச் சிக்கெடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும். மாட்டும்போது தையல் மேலே, நுனி கீழே.

(தொடரும்)