ஹால் ஜன்னலுக்கு பிளைண்ட்ஸ் வாங்கப் போறீங்களா? முதலில் திசையைப் பாருங்க!

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து கதவைத் திறந்தால் ஹால் அடுப்படி மாதிரி கொதிக்கிறதா? பெரும்பாலும் ஜன்னல் மேற்கே பார்த்திருக்கும். ஸ்கிரீனை இழுத்து விட்டுட்டுத்தானே போனோம், அப்புறம் எப்படி?

ஸ்கிரீனில் வெயில் படுவதே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான். துணி சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. அந்த வெப்பத்தைக் கண்ணாடி லேசில் வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் நடப்பதும் இதேதான். அதனால் கண்ணாடிக்கு வெளியே மறைப்பதுதான் உண்மையான தீர்வு.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளின் ஜன்னல் கதவுகளைக் கவனித்திருக்கிறீர்களா? சாய்வாக அடுக்கிய மரப் பட்டைகள் வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். ஷட்டர் என்பது இதுதான். நமக்கு என்னவோ கடை ஷட்டர்தான் ஞாபகம் வருது!

எல்லா ஜன்னலுக்கும் செலவு செய்யவும் வேண்டாம். மே முதல் ஜூலை வரை சென்னையில் சூரியன் சற்று வடக்கே சாய்ந்தே போகும். தெற்கு ஜன்னலில் நேர் வெயில் விழாது. பிரச்சினை மேற்குதான். மாலைச் சூரியன் தாழ்வாக வருவதால் சன்ஷேடு உதவாது. மேலிருந்து கீழ்வரை மறைப்பு வேணும்.

பால்கனி இருந்தால் மூங்கில் தட்டி போதும், விலையும் குறைவு. ஐப்பசி மழைக்கு முன்னால் கழற்றி வைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அபார்ட்மென்ட்டில் வெளியே எதையும் மாட்டுமுன் அசோசியேஷனிடம் கேட்டுவிடுங்கள்.

உள்ளேதான் மாட்ட முடியும் என்றால் ரோலர் பிளைண்ட்ஸ் நல்லது. கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருந்தால் வெயிலில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். அடர் நிறம் லுக்காக இருக்கும், சூடும் ஏறும். பட்டை பட்டையாக வரும் வெனிஷியன் வகையை, தினமும் தூசு துடைக்கப் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஃபிரேமுக்குள் மாட்டுவதானால் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததைக் கொடுங்கள். ஜன்னல் உள்பக்கம் திறக்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இடிக்கும்.

வீட்டில் குழந்தை இருந்தால் தொங்கும் கயிறு வேண்டவே வேண்டாம். கழுத்தில் சுற்றி உயிரே போயிருக்கிறது. கயிறில்லாத மாடலைக் கேளுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் கயிற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டிவிட்டு, ஜன்னலடியில் கிடக்கும் சோபாவையும் இன்றைக்கே நகர்த்திவிடுங்கள்.