நாற்பது சதவீதம் எதற்கு, எதற்கு அல்ல?

அரசு செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி நெருங்கினால் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்தான். ஆட்டிசம் இருப்பதை மருத்துவர் உறுதிசெய்துவிட்டார், ஆனால் 40 சதவீதச் சான்றிதழ் கிடைக்கவில்லை; அப்படியானால் சட்டத்தில் எனக்கு இடமே இல்லையா என்று கேட்கிறார்கள். இடம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இரண்டு தனித்தனி உரிமைகளைத் தருகிறது. ஒன்று இடஒதுக்கீடு. மற்றொன்று, வேலை செய்யும் முறையில் நிர்வாகம் செய்துதர வேண்டிய நியாயமான மாற்றங்கள். 40 சதவீதக் கோடு முதலாவதற்கு மட்டுமே. குடிமைப்பணித் தேர்வில் உதவி எழுத்தர் கேட்ட விகாஷ் குமாரின் வழக்கில், இந்தக் கோட்டைக் காட்டி இரண்டாவதை மறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. அரசு பெருமையோடு சொல்லும் 4 சதவீத ஒதுக்கீட்டிலும் ஆட்டிசத்துக்கென்று தனிப்பங்கு இல்லை. அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றோடு சேர்த்து ஒரே 1 சதவீதம். அதுவும் அந்தப் பணியிடம் 'உகந்தது' என்று அடையாளம் காணப்பட்டிருந்தால்தான்.

உண்மையில் கவலை தருவது சதவீதம் கணக்கிடப்படும் விதம். சான்றிதழுக்கு அடிப்படையான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70 வந்தால் 40 சதவீதம். அதற்குக் கீழே என்றால், அளவுகோலின்படி ஆட்டிசமே இல்லை. கண் பார்த்துப் பேசுகிறாரா, பதிலுக்குச் சிரிக்கிறாரா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறாரா என்று வெளியே தெரிவதை இது எண்ணுகிறது. நர்சிங் படிப்பையும் வார்டுப் பயிற்சியையும் கடந்து வந்தவர், கண் பார்க்கவும் சிரிக்கவும் தன்னைப் பழக்கிக்கொண்டிருப்பார். அந்த நடிப்பு டியூட்டி முடிவதற்குள் அவரை எவ்வளவு உறிஞ்சிவிடுகிறது என்பதற்கு அளவுகோலில் கட்டமே இல்லை. நன்றாகச் சமாளிப்பவருக்குச் சான்றிதழ் கிடைக்காது. சமாளிக்க முடியாதவருக்குக் கிடைக்கும் சான்றிதழோ, வார்டுக்கு இவர் ஆகமாட்டார் என்று சொல்பவர் கையில் ஆதாரமாகிவிடலாம். சதவீதத்தை மட்டும் வைத்துத் தள்ளாதீர்கள், செய்யும் திறனைப் பாருங்கள் என்று 2024 அக்டோபரில் ஒரு எம்.பி.பி.எஸ். சேர்க்கை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தர்க்கம் செவிலியருக்குப் பொருந்தாது என்பவர்தான் காரணம் காட்ட வேண்டும்.

நோயாளியின் உயிர் விளையாட்டா என்ற ஆட்சேபம் உடனே எழும். நியாயமான கேள்விதான். ஆனால் இவர்கள் கேட்கக்கூடியவற்றைப் பாருங்கள்: வாய்வழி ஹேண்ட் ஓவரோடு எழுத்திலும் ஒரு தாள், நினைத்தபோது வேறு வார்டுக்கு மாற்றாமை, முன்கூட்டியே டியூட்டி லிஸ்ட், மானிட்டர் சத்தம் எட்டாத அறையில் சிறு இடைவேளை. இவற்றில் எது நோயாளிக்கு ஆபத்து? எழுத்து ஹேண்ட் ஓவரால் தவறும் மருந்துகள்தான் குறையும். இரண்டாவது ஆட்சேபம் கனமானது: ஒருவருக்கு நைட் டியூட்டி விலக்கு தந்தால் அந்தச் சுமை சக செவிலியர் தலையில் விழும். விழும்தான். ஆகவே விலக்கைக் காட்டிலும் முன்னறிவிப்பைக் கேட்பது நல்லது. ஏற்பாடு அளவுமீறிய சுமையாகக் கூடாது என்று சட்டமும் நிறுவனத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. சுமை எவ்வளவு என்று கணக்குக் காட்டுவது நிர்வாகத்தின் வேலை. 'இங்கே அதெல்லாம் வழக்கமில்லை' என்பது கணக்கு அல்ல.

தனியார் மருத்துவமனையில் சட்டத்தின் பிடி தளர்கிறது. வேலையில் பாகுபாட்டைத் தடுத்து, வசதி செய்துதரச் சொல்லும் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களையே பெயரிடுகிறது. சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடச் சொல்லும் 21ஆம் பிரிவு எல்லோருக்கும் உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது விரிவாகவே இருக்க வேண்டும். முதலில் அந்தக் கொள்கையின் நகலைக் கேளுங்கள். பல இடங்களில் கேட்ட பிறகுதான் அது எழுதப்படும்.

பணியில் சேர்ந்த பிறகு கண்டறியப்பட்டால்? வேலைநீக்கத்தைத் தடுக்கும் 20(4) பணிக்காலத்தில் நேரும் குறைபாட்டுக்கானது. ஆட்டிசம் அப்படி இடையில் நேர்ந்தது அல்ல என்று நிர்வாகம் மறுக்கலாம் என்பதால், அதை மட்டும் நம்பாமல், பாகுபாட்டைத் தடுக்கும் 20(1), வசதி செய்துதரச் சொல்லும் 20(2) இரண்டையும் மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா? வேண்டாம், ஆனால் மாற்றம் கேட்பவர் நிர்வாகத்திடமாவது எழுத்தில் சொல்லாமல் முடியாது.

அரசு மருத்துவமனையில் புகார் யாரிடம்? குறைதீர் அலுவலரிடம், இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும்.

தனியாரில்? மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம்.