பள்ளிக்கூடத்துக்குச் சூரிய மின்சாரம்: பலகையைவிட பாட்டரியைக் கவனியுங்கள்

ஆலங்குளம் பக்கத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மின்கம்பம் போகாத மலைக்குடியிருப்புப் பள்ளிக்கூடத்துக்கோ, மாலைப் படிப்பு நடக்கும் கட்டிடத்துக்கோ சூரியப் பலகை தருகிறோம் என்று யாராவது முன்வந்தால் வேண்டாம் என்பாரில்லை. ஆனால் சில வருஷங்களில் விளக்கு அணைந்து, பலகை மட்டும் கூரைமேல் நிற்பதும் உண்டு. பெரும்பாலும் கெடுவது பலகை அல்ல. அது 20, 25 வருஷம் உழைக்கும். கெடுவது பாட்டரி.

ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியா கிராமத்தில் 1972-ல் பங்கர் ராய் தொடங்கிய நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக அங்கே இரவுப் பள்ளிகள் நடந்தன. மண்ணெண்ணெய் விளக்கு போய்ச் சூரிய விளக்கு வந்தது. அதைப் பழுதுபார்க்க நகரத்து மெக்கானிக்கை நம்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கே கம்பியின் நிறத்தைக் காட்டி வேலை கற்றுக் கொடுத்தார்கள். விளக்கு பெற்ற வீடுகள் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தன; பழுதுபார்ப்பவருக்கு அதிலிருந்து கூலி. இந்த ஏற்பாட்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். இரண்டு வகுப்பறைக்கு 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு நான்கு, 30 வாட் மின்விசிறி மூன்று. மொத்தம் 170 வாட். ஐந்து மணி நேரம் ஓடினால் 850 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. இதற்கு 165 வாட் பலகை இரண்டு போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,800 வாட்-மணி அடங்கும். ஆனால் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். கொடை விழாவுக்கு மைக் செட் மாட்டுவதும், ஊரார் போனுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றுவதும் கூடாது. கறவை மாட்டை ஒட்டக் கறந்தால் கன்றுக்கு என்ன மிஞ்சும்?

பலகையைத் தெற்கு நோக்கி, சுமார் 10 பாகை சாய்வில் வைக்கவும். வேப்பமரக் கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். ஆனி, ஆடிக் காற்று நம் பக்கம் எப்படி வீசும் என்பது காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். ஆகவே தாங்கியைக் கான்கிரீட்டில் போல்ட்டு வைத்து முடுக்க வேண்டும். தூசியை வாரம் ஒருமுறை அதிகாலையில் நல்ல தண்ணீரால் கழுவவும். உச்சிவெயிலில் சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். சாதாரண ஈய-அமிலப் பாட்டரிக்கு மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்து, காய்ச்சி வடித்த நீர் மட்டுமே விடவும். கிணற்று உப்புத் தண்ணீர் தகட்டைத் தின்றுவிடும்.

இத்தகைய பாட்டரி நான்கு, ஐந்து வருஷம் வரும். புதிது சுமார் 15,000 ரூபாய். நான்கு வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 300 ரூபாய்க்குச் சற்று மேல். 50 வீடுள்ள ஊரில் வீட்டுக்கு 7 ரூபாய். பலகை ஏறும் முன்பே தபால் அலுவலகத்தில் பள்ளிப் பெற்றோர் இருவர் பெயரில் கூட்டுக் கணக்குத் தொடங்கி, முதல் மாதத் தொகையைக் கட்டிவிடுங்கள்.