மங்குஸ்தான் தோலில் மஞ்சள் படிகம்

குற்றாலத்தில் சீசன் களைகட்டியதும் பழக்கடைகளில் ரம்புத்தான், துரியனோடு மங்குஸ்தானும் வந்து இறங்கும். உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தினால் தோல் பிளந்து வெள்ளைச் சுளை தெரியும். பழத்தின் அடியில் பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று உரிக்காமலே சொல்லிவிடலாம். தின்றபின் குப்பைக்குப் போகும் தோல், காசு கொடுத்து வாங்கிய எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

வேதியியலாளர்கள் கண் வைத்தது அந்தத் தோலில்தான். 1855-இல் ஷ்மிட் என்பவர் அதிலிருந்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்றைப் பிரித்து மாங்கோஸ்டின் என்று பெயரிட்டார். அதன் மூலக்கூறு அமைப்பு தெளிவாக 1958 வரை ஆயிற்று.

எதில் எது கரையும் என்பதே பிரித்தெடுப்பின் சூட்சுமம். தோலைக் காயவைத்து, பொடித்து, ஆல்கஹாலில் ஊறப்போட்டால் மாங்கோஸ்டின் இறங்கிவரும். கூடவே டானின், சர்க்கரை, மெழுகு எல்லாம் வரும். வடிகட்டிய சாற்றிலிருந்து ஆல்கஹாலை ஓட்ட வேண்டும். அது கொதிப்பது 78 டிகிரியில். சுழலும் குடுவைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகும். சரக்கு கருகாது, ஆல்கஹாலும் குளிர்ந்து திரும்பக் கிடைக்கும். எஞ்சும் பிசினை ஹெக்சேனில் அலசினால் மெழுகு போகும். பிறகு தண்ணீரும் எத்தில் அசிடேட்டும் சேர்த்துக் குலுக்கினால் இரண்டும் அடுக்கு அடுக்காகப் பிரியும். சர்க்கரை கீழே தண்ணீரில் நின்றுகொள்ள, மாங்கோஸ்டின் மேலடுக்குக்கு ஏறிவிடும். அதை சிலிக்கா நிரப்பிய குழாய் வழியே மெல்ல இறக்கினால் கடைசியில் மஞ்சள் படிகம்.

மங்குஸ்தானின் பங்காளி குடம்புளி. இரண்டும் கார்சினியா பேரினம். செங்கோட்டை தாண்டினால் மீன்குழம்பில் மிதக்கும் கறுப்புத் தோல் அது. அதன் புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று 1965-இல் லூயிசும் நீலகண்டனும் காட்டினார்கள். இந்த அமிலத்துக்கு ஆல்கஹால் தேவையில்லை, தண்ணீரே போதும். குழம்பு கொதிக்கும்போது நடப்பதும் அதுதான்.

மாங்கோஸ்டினை வைத்து வியாபாரமும் பெரிதாக நடக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் அது பாக்டீரியாவை ஒடுக்குவது உண்மை. ஆனால் வாய்வழியாகக் குடித்தால் ரத்தத்தில் சேருவது சொற்பம். பாட்டில் சாறு எல்லா நோயையும் தீர்க்கும் என்ற விளம்பரத்தை நான் நம்பமாட்டேன்.

தோல் இங்கே தாராளமாகக் கிடைக்கும். சிக்கல் சாரலில். சீசன் ஈரத்தில் தோல் காய்வதற்குள் பூஞ்சை பூத்துவிடும். ஆகவே தோலைச் சரக்காக்க நினைப்பவர் ஆல்கஹாலுக்கு முன்னால் ஒரு நல்ல உலர்த்திக்குத்தான் செலவழிக்க வேண்டும்.