அலகு குத்தினால் 12 மாதம் இரத்தம் கொடுக்காதீர்கள்

ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக் காவடி எடுத்துத் திருத்தணி மலையேறுகிறவர்களில் சிலர், காயம் ஆறியதும் இரத்த தான முகாமில் வந்து படுக்கிறார்கள். பச்சை குத்தினாலும் உடம்பில் துளையிட்டாலும் 12 மாதம் கழித்தே கொடுக்கலாம் என்பது தேசிய இரத்தமேற்றுக் குழுமத்தின் விதி. சாமிக்குக் குத்திய அலகுக்கு அதில் விலக்கு கிடையாது. கொடுப்பவர் நிரப்பும் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. முகாம் நடத்துகிறவர்களோ, "எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் அடிச்சிடுப்பா" என்று அவசரப்படுத்துகிறார்கள்.

ஊசி வழியே தொற்றிய கிருமி ஆரம்ப நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் சிக்காது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது உங்கள் உண்மையான பதில் ஒன்றுதான்.

சாத்தூரை மறந்துவிட்டோம். 2018 டிசம்பரில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த இரத்தம் ஏற்றினார்கள். கொடுத்தவருக்குத் தொற்று இருப்பது 2016 முகாமிலேயே தெரிந்திருந்தது. அவருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. உறவினருக்காகச் சிவகாசியில் மறுபடி கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய்த் தகவல் சொன்னவரும் அவரே. சென்னை கிண்டியிலுள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இரத்தமேற்றுதலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. படிப்புக்கும் பயிற்சிக்கும் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் பொறுப்புக்குத்தான்.

ஆகவே கொடுப்பவர்களே, சோதனை முடிவைத் தெரிவிக்கலாமா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதுங்கள். சரியான கைபேசி எண்ணைக் கொடுங்கள். அழைப்பு வராவிட்டால் நீங்களே பிளட் பேங்குக்குப் போய்க் கேளுங்கள்.

ஏற்றிக்கொள்பவரின் வீட்டாரே, ஒப்புதல் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பை மேல் ஒட்டிய லேபிளில் இரத்த வகை, பை எண், காலாவதித் தேதி, சோதனை முடிவுகள், இரத்த வங்கியின் பெயர், உரிம எண் எல்லாம் இருக்கும். நோயாளியின் பெயரும் வகையும் பொருத்தம் பார்த்த கிராஸ் மேட்ச் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று செவிலியரோடு சேர்ந்து பாருங்கள். பை எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் எந்தப் புகாருக்கும் அதுதான் ஆதாரம். முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். குளிர், நடுக்கம், இடுப்புவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே கத்திக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். பையைக் குப்பையில் போட விடாதீர்கள்.

காசுக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று வாசலில் நிற்பவரை நம்பாதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பையடுத்து, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு இரத்தம் கொடுப்பது தடை. வங்கி வாங்கக்கூடியது பதப்படுத்தும் கட்டணம் மட்டும்தான். அதற்கும் ரசீது கேளுங்கள். தலசீமியா, ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு அதுவும் கிடையாது.

புகாரை முதலில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அடுத்தது, திருத்தணிப் பகுதிக்குத் திருவள்ளூர் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர். வங்கிக்கு உரிமம் கொடுப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை என்பதால் அங்கும் ஒரு நகல். நகரி, திருப்பதிப் பக்கம் சிகிச்சை எடுத்திருந்தால் மனு ஆந்திர மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போக வேண்டும். இங்கே கொடுத்தால் 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பிவிடுவார்கள். வங்கி எந்த மாநிலம் என்பதை லேபிளே சொல்லும். வழி தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104-க்கு அழையுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: இந்த ஆடியில் அலகு குத்தியவர்கள் அடுத்த ஆடி முடியும்வரை இரத்தம் கொடுக்காதீர்கள்.